டிஸ்ட்ரிபியூட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: அம்பாசிடர் காலத்திலிருந்து இன்றுவரை

அப்பா வாங்கிய அம்பாசிடரை நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனாலேயே பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர், வண்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் எனக்குப் போன் செய்கிறார்கள். பாதிக்கு மேல் டிஸ்ட்ரிபியூட்டர் சந்தேகம்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். அளவு சொல்லும் இடங்களில், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள அம்பாசிடரை மனதில் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டி வேறென்றால் அதன் கையேட்டில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர்னா என்ன சார்? பிளக் வயர் எல்லாம் போய்ச் சேருற அந்தக் கறுப்பு மூடிதானா?

அந்த மூடி மேல்பகுதி மட்டும்தான். அதற்குக் கீழே எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு தண்டும், அதைச் சுற்றிச் சில சின்னச் சின்ன உறுப்புகளும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து செய்வது மூன்று வேலைகள். காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சரியான நொடியில் துண்டிப்பது ஒன்று. எஞ்சினின் வேகத்துக்கும் பாரத்துக்கும் தகுந்தபடி அந்த நொடியை முன்பின் நகர்த்துவது இரண்டு. காயிலில் பிறக்கும் உயர் அழுத்த மின்சாரத்தை, எந்தச் சிலிண்டரின் முறையோ அந்தப் பிளக்குக்கு அனுப்புவது மூன்று.

பெயர் மூன்றாவது வேலையை மட்டும்தான் சொல்கிறது. அதனால்தான் பலர் மூடியையும் வயரையும் மட்டும் மாற்றிவிட்டு, வண்டி சரியாகவில்லையே என்று வருந்துகிறார்கள். கோளாறு வந்தால் மூன்றில் எந்த வேலை நின்றது என்று முதலில் பாருங்கள். எந்தப் பிளக்கிலும் பொறி இல்லையென்றால் பெரும்பாலும் முதல் வேலை. பொறி இருந்தும் பிக்கப் இல்லை, எஞ்சின் சூடாகிறது என்றால் இரண்டாவது. ஒரு சிலிண்டரில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் மூன்றாவது, அல்லது அந்தப் பிளக்கும் வயரும். கீழே வரும் பதில்களில் இந்த மூன்று வேலைகளையும் அடிக்கடி சொல்வேன்.

பேட்டரி வெறும் 12 வோல்ட்தானே, அதுல இருந்து அவ்வளவு பெரிய பொறி எப்படி வருது?

வேலை செய்வது இக்னிஷன் காயில். அதற்குள் ஒரே இரும்பு மையத்தின் மேல் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) மூடியிருக்கும்போது தடித்த கம்பி வழியாக 3 அல்லது 4 ஆம்பியர் மின்சாரம் ஓடி, காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவுதான் மெல்லிய கம்பியில் 15,000 வோல்ட்டுக்கு மேல் எழுப்புகிறது.

இதில் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பாயிண்ட் மூடும்போது பொறி வருவதில்லை, திறக்கும்போதுதான் வருகிறது. இந்த ஏற்பாட்டைக் கார்களுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். 1910 மாடல் காடிலாக்கில் வந்த அதே அடிப்படைதான் அம்பாசிடரிலும் பத்மினியிலும் இருந்தது.

கண்டென்சர் எதுக்கு? அதைக் கழட்டினாலும் லேசா பொறி வருதே?

பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம் நிற்க மறுத்து, அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அப்படிக் குதித்தால் பாயிண்ட்டிலேயே பொறி பறந்து முனை கருகும். மின்சாரமும் மெல்ல நிற்பதால் காந்தப்புலம் மெல்லச் சரிந்து, பிளக்கில் பொறி சோகையாக வரும். கண்டென்சர் அந்த நொடியில் மின்சாரத்தைத் தன்னிடம் வாங்கிக்கொள்கிறது. பாயிண்ட் போதுமான அளவு திறந்துவிடுகிறது, புலமும் வேகமாகச் சரிகிறது.

வழக்கமான அளவு ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட். பாயிண்ட்டின் ஒரு முனையில் குழியும் எதிர்முனையில் மேடும் சீக்கிரமே விழுந்தால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட்டில் நீலமாகப் பொறி பளிச் பளிச்சென்று அடித்தாலும் அப்படித்தான். துளி வெளிச்சம் தெரிவது சகஜம்.

டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் வேகத்துலயே சுத்துமா?

இல்லை, பாதி வேகம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எல்லாச் சிலிண்டரும் ஒருமுறை எரிந்து முடிக்க கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அந்த நேரத்தில் ரோட்டர் (மூடிக்குள் தண்டின் தலையில் சுற்றி மின்சாரத்தைப் பங்கிடும் துண்டு) ஒரே ஒரு சுற்றுச் சுற்றி எல்லாப் பிளக்குக்கும் ஒருமுறை கொடுத்துவிடும். அதனால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டோடு இணைந்து ஓடுகிறது.

எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினால் நான்கு சிலிண்டர் வண்டிக்கு 8000 பொறி வேண்டும். அதாவது நொடிக்கு 133 தடவை அந்தச் சின்னப் பாயிண்ட் திறந்து மூடுகிறது. மணிக்கணக்கில் அப்படியே செய்கிறது. யோசித்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பிஸ்டன் மேல வந்ததும் பொறி வந்தாப் போதாதா? எதுக்கு அட்வான்ஸ்?

பெட்ரோல் கலவை பொறி பட்டதும் மொத்தமாக வெடிப்பதில்லை. தீ ஓரிடத்தில் பற்றி மற்ற இடங்களுக்குப் பரவ வேண்டும். அதற்கு ஏறக்குறைய 2 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐடிலில், நிமிடத்துக்கு 800 சுற்றில், அந்த 2 மில்லிநொடிக்குள் கிராங்க் 10 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். 4000 சுற்றில் அதே நேரத்தில் 48 டிகிரி திரும்பிவிடும். வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் கலவை சுழன்று தீ சற்று வேகமாகப் பரவுவதால், உண்மையில் அவ்வளவு அட்வான்ஸ் தேவைப்படாது. ஆனாலும் வேகம் கூடக்கூட முன்னதாகவே பொறி கொடுத்தாக வேண்டும் என்பது இதிலேயே புரியும்.

இதற்காக டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஸ்பிரிங் கட்டிய இரண்டு எடைகள் இருக்கின்றன. வேகம் கூடினால் ராட்டினத் தொட்டில் போல வெளியே விரிந்து, தண்டில் மேடுகளோடு இருந்து பாயிண்ட்டைத் திறக்கும் கேமைச் சற்று முன்னே திருப்பிவிடும். பக்கவாட்டில் தட்டு மாதிரி தெரிவது வேக்கும் அட்வான்ஸ். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவாக இருக்கும், அதனால் மெதுவாக எரியும். அப்போது கார்புரேட்டர் பக்கத்திலிருந்து வரும் உறிஞ்சு விசை உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தை இழுத்து, பாயிண்ட் பிளேட்டைத் திருப்பி, இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் தருகிறது. மேட்டில் முழுசாக மிதித்தால் அந்த விசை குறைந்து பிளேட் பழைய இடத்துக்கே வந்துவிடும். முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வேலை இதுதான்.

மைலேஜ் மட்டும் குறைஞ்சுபோச்சு, ஓட்டறதுல பெரிசா வித்தியாசம் இல்ல. டிஸ்ட்ரிபியூட்டரா இருக்குமா?

இருக்கலாம். வேக்கும் குழாய் வெடித்திருந்தாலும் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். குழாயைக் கழற்றி உறிஞ்சிப் பார்த்தால் பிளேட் நகர வேண்டும், விரலால் அடைத்துப் பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். எடைகளைப் பார்க்க, ரோட்டரைக் கையால் பிடித்து அது சுற்றும் திசையில் லேசாகத் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானே பழைய இடத்துக்கு வந்தால் நல்லது. வராவிட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ரோட்டரைக் கழற்றினால் தண்டின் தலையில் தெரியும் திருகின் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

பாயிண்ட் கேப் எவ்வளவு வைக்கணும்? எங்க மெக்கானிக் விசிட்டிங் கார்டு வெச்சுத்தான் பாக்குறார்.

கேப் என்பது பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும்போது முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அம்பாசிடருக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வழியில் நின்றுபோனால் விசிட்டிங் கார்டு வீடு வந்து சேர உதவும், அதில் தவறில்லை. வீட்டில் செய்யும்போது ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) வைத்துப் பாருங்கள். பாயிண்ட்டின் குதிகால் (கேமின் மேல் உரசும் பகுதி) கேமின் மேட்டு முனையில் ஏறி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேப்பை மாற்றினால் டைமிங்கும் (பொறி வரும் நொடி) மாறும். கேப் பெரிதானால் பாயிண்ட் சீக்கிரமே திறக்கும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். சிறிதானால் தாமதம். பாயிண்ட்டின் குதிகால் நாளடைவில் தேய்வதால் கேப் குறைந்துகொண்டே போய் டைமிங் தானாகவே பின்தங்கும். ஆகவே எப்போதும் முதலில் கேப், அப்புறம்தான் டைமிங். டைமிங்கை வைத்துவிட்டுக் கேப்பைத் தொட்டால் செய்த வேலை வீண்.

கேப் அதிகமானால் இன்னொரு பாதிப்பும் உண்டு. பாயிண்ட் மூடியிருக்கும் நேரம்தான் காயிலுக்குச் சேமிக்கக் கிடைக்கும் நேரம். நான்கு சிலிண்டர் வண்டியில் அது டிஸ்ட்ரிபியூட்டரின் ஒவ்வொரு 90 டிகிரியிலும் சுமார் 60 டிகிரி. எஞ்சின் 800 சுற்றில் இருக்கும்போது அது 25 மில்லிநொடி, 4000 சுற்றில் வெறும் 5 மில்லிநொடி. கேப் கூடினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் வந்தால் இதையும் பாருங்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா பாயிண்ட் புதுசு மாதிரி ஆயிடாதா?

கொஞ்ச நாளைக்கு ஓடும். ஆனால் உப்புத்தாளின் துகள் முனையில் பதிந்து மின்சாரத்தைத் தடுக்கும், தேய்த்த முகமும் சமமாக இருக்காது. மெல்லிய அரத்தால் மேட்டை மட்டும் எடுத்துவிட்டு, எண்ணெய்ப் பசை இல்லாத துணியால் துடையுங்கள். குழி ஆழமாக இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. மாற்றும்போது கேமின் மேல் துளி கிரீஸ் தடவ மறக்காதீர்கள். அதைத் தடவாத வண்டிகளில்தான் குதிகால் சீக்கிரம் தேய்கிறது.

மழை பெஞ்சா வண்டி ஸ்டார்ட்டே ஆகறதில்ல. வெயில் வந்தா சரியாயிடுது.

மூடிக்குள்ளும் வயர் மேலும் ஈரம் சேர்ந்து, உயர் அழுத்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிகிறது. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். காயிலின் கழுத்தையும் துடையுங்கள், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கோடு போட்டது போலத் தெரிந்தால் அது கரித்தடம். ஒருமுறை பாதை கண்ட மின்சாரம் மறுபடியும் அதே வழியில்தான் போகும். சுரண்டினாலும் நிலைக்காது, மூடியை மாற்றத்தான் வேண்டும்.

இது நம் ஊர் மழைக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 1959-ல் பிரிட்டனில் வந்த மினி காரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது. கனமழையில் தண்ணீர் நேராக அதன் மேலேயே அடித்து வண்டிகள் நின்றுபோயின.

பிளக் வயர் அத்தனையும் கழட்டிட்டேன். எது எங்கேன்னு தெரியல. காப்பாத்துங்க அண்ணா.

பதற வேண்டாம். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அதுதான் கம்ப்ரஷன். புல்லியில் உள்ள டைமிங் குறி நேராகும் வரை சுற்றி நிறுத்துங்கள். இப்போது ரோட்டர் மூடியின் எந்த முனையைப் பார்க்கிறதோ அது 1-ம் சிலிண்டருக்கு. அங்கிருந்து ரோட்டர் சுற்றும் திசையில் 1-3-4-2 என்று மாட்டுங்கள். அம்பாசிடரில் மேலிருந்து பார்த்தால் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மூன்று சிலிண்டர் மாருதி 800 என்றால் வரிசை 1-3-2.

காற்றைச் சோதிக்காமல் புல்லிக் குறியை மட்டும் நம்பினால் பாதி நேரம் தவறாகிவிடும். மேலே சொன்ன இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கால், அந்தக் குறி கம்ப்ரஷனிலும் நேராகும், எக்சாஸ்ட் முடியும்போதும் நேராகும். இரண்டாவதை எடுத்துக்கொண்டால் எல்லா வயரும் அரைச் சுற்றுத் தள்ளி மாட்டப்பட்டு, கார்புரேட்டர் வழியாகப் பேக் ஃபயர் அடிக்கும். அடுத்த முறை ஒரு வயரைக் கழற்றினால் அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுங்கள்.

பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர் எல்லாமே புதுசு. ஆனா பழசைவிட மோசமா ஓடுது.

புதுசு என்பதால் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் ரோட்டர்களில் சிலவற்றின் பிளாஸ்டிக் வழியாகவே மின்சாரம் தண்டுக்கு இறங்கிவிடுகிறது. சோதிப்பது எளிது. மூடியைக் கழற்றுங்கள், காயிலிலிருந்து வரும் நடு வயரை மரத்துண்டு அல்லது ரப்பர் பிடியால் பிடித்து, அதன் முனையை ரோட்டரின் மேல் தகட்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே வையுங்கள். இன்னொருவர் எஞ்சினைச் சுற்றட்டும். ரோட்டர் நன்றாக இருந்தால் வலுவான பொறி எதுவும் குதிக்கக் கூடாது. பொறி விடாமல் குதித்தால் ரோட்டர் கசிகிறது.

வண்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய உறுப்புகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். நான் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை மாற்றி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை மாற்றுகிறேன்.

ஓடிட்டு இருக்கும்போது அடைச்சு நின்னுடுது. இறங்கிப் பாத்தா கரண்ட் நல்லா வருது. என்னதான் பிரச்சினை?

இது என்னையே மூன்று வாரம் படுத்திய கோளாறு. ஒருமுறை திண்டுக்கல் தாண்டி இரவில் நடுரோட்டில் நின்றேன், குழந்தைகள் பின்சீட்டில். காயில், கண்டென்சர், பெட்ரோல் பம்ப் எல்லாம் பார்த்தாயிற்று. நிறுத்திப் பார்த்தால் எல்லாமே சரியாக இருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெளிச்சுவரிலிருந்து பாயிண்ட்டுக்குப் போகும் விரல் நீள வயர். வேக்கும் அட்வான்ஸ் பிளேட்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த வயர் வளைகிறது. வருடக்கணக்கில் வளைந்து, மேல்தோல் நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருந்தன. எஞ்சின் நின்றிருந்தால் இழைகள் தொட்டுக்கொள்ளும், ஓடும்போது பிளேட் நகர்ந்தால் விட்டுப்போகும். அதே பிளேட்டை எர்த்துடன் இணைக்கும் சின்ன வயரும் இப்படி அறுபடும். மூடியைத் திறந்து வைத்துப் பிளேட்டைக் கையால் முன்பின் திருப்பிக்கொண்டே மீட்டரில் பாருங்கள். மாற்றும்போது மெல்லிய இழைகள் நிறைந்த, நன்றாக வளையும் வயரைப் போடுங்கள். வீட்டு ஒயரிங் கம்பி சில மாதம்கூடத் தாங்காது.

புதுக் காயில் போட்டதுல இருந்து பாயிண்ட் அடிக்கடி கருகுது. ஏன்?

காயிலின் இரண்டு சின்ன முனைகளுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். நேராக 12 வோல்ட்டில் ஓடும் காயில் சுமார் 3 ஓம் காட்டும். 1.5 ஓம் அளவில் காட்டினால் அது பாலஸ்ட் ரெசிஸ்டருடன் சேர்த்துப் போட வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் பாயிண்ட் வழியாக ஓடும். ரெசிஸ்டர் வைக்கும் காரணம், ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இறங்கினாலும் காயிலுக்கு முழு மின்சாரம் கிடைக்க வேண்டும் என்பதுதான். வண்டி பிடித்ததும் ரெசிஸ்டர் வழியாகக் குறைத்துக் கொடுப்பார்கள்.

எஞ்சின் ஓடாமல் சாவியை நெடுநேரம் ஆன் செய்து வைத்தாலும் காயிலும் பாயிண்டும் கெடும். பாட்டு கேட்பதற்காக அப்படி வைக்காதீர்கள்.

பாயிண்ட்டை எடுத்துட்டு எலக்ட்ரானிக் கிட் போடலாமா?

தினமும் ஓட்டும் வண்டிக்குப் போடலாம் என்பது என் அபிப்பிராயம். பாயிண்ட் இருந்த இடத்தில் காந்த வளையமும் அதை உணரும் ஒரு சின்ன மாட்யூலும் வரும். முதல் வேலை மட்டும்தான் மாறுகிறது. எடைகளும், வேக்கும் தட்டும், ரோட்டரும், மூடியும் அப்படியே இருக்கும். தேயும் குதிகால் இல்லாததால் டைமிங் நகர்ந்துகொண்டே போகாது. ஆனால் தண்டில் ஆட்டம் இருந்தாலோ எடைகள் இறுகியிருந்தாலோ கிட் அதைச் சரிசெய்யாது.

சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிக் கொடுத்தால் அந்த நொடியே மாட்யூல் போய்விடும். செம்பு இழை வயருக்குப் பதில் ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் வயர் போடுங்கள். கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் வண்டியிலேயே வைத்திருங்கள். மாட்யூல் வழியில் போனால் ரிப்பேர் செய்ய முடியாது, பாயிண்ட் இருந்தால் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம்.

எலக்ட்ரானிக் இக்னிஷன்னா டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாதுன்னுதானே அர்த்தம்?

இல்லை. மூன்று வேலைகளும் ஒரே நாளில் போகவில்லை, ஒவ்வொன்றாகத்தான் கைமாறின. முதலில் போனது பாயிண்ட். அமெரிக்காவில் புகை விதிகள் கடுமையானபோது, தேய்ந்து டைமிங் நகரும் பாயிண்ட்டை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை. கிரைஸ்லர் 1973 மாடல்களிலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களிலும் எலக்ட்ரானிக் இக்னிஷனை எல்லாக் கார்களுக்கும் பொதுவாக்கின. அவற்றில் ரோட்டரும் மூடியும் எடைகளும் இருந்தன.

அடுத்து எடைகளும் வேக்கும் தட்டும் போயின. எவ்வளவு அட்வான்ஸ் என்று ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்குப் போட ஆரம்பித்தது, டிஸ்ட்ரிபியூட்டர் பங்கிட்டு அனுப்புவதை மட்டும் செய்தது. கடைசியில் அந்த வேலையும் போனது.

90-கள்ல வந்த வண்டி. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினாலும் டைமிங் லைட்ல எதுவும் நிலையா நிக்கல.

இப்போது சொன்ன இடைக்கால வகையாக இருக்கும். நீங்கள் திருப்பத் திருப்ப, ஈ.சி.யு. ஐடிலைச் சீராக்க டைமிங்கைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட பல வண்டிகளில் ஒரு சோதனைக் கனெக்டரில் இரண்டு முனைகளை இணைத்து, டைமிங்கை நிலையாக நிறுத்திய பிறகுதான் திருப்ப வேண்டும். எந்த முனைகள் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்க்காமல் இணைக்காதீர்கள்.

என் புதுக் கார்ல தேடித் தேடிப் பாத்துட்டேன், டிஸ்ட்ரிபியூட்டரையே காணோம்!

இருக்காது. கிராங்கில் ஒரு பல்சக்கரம் இருக்கும். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் வைத்து, அதில் இரண்டை விட்டு 58 பல் வைத்திருப்பார்கள். பல் இல்லாத அந்த இடைவெளியைச் சென்சார் கண்டதும் கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈ.சி.யு.வுக்குத் தெரிந்துவிடும். கேம் ஷாஃப்டில் உள்ள சென்சார், அது கம்ப்ரஷனா எக்சாஸ்ட்டா என்று சொல்லும். வயர் குழப்பத்தில் நாம் விரலால் துளையை மூடிப் பார்த்தோமே, அதே வேலை. பிளக் ஒவ்வொன்றின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்திருக்கும். தேய்வதற்கும் ஈரம் புகுவதற்கும் ரோட்டரும் மூடியும் இல்லை.

இடையில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற வகையும் வந்தது. ஒன்று கம்ப்ரஷனில் இருக்கும்போது அதன் ஜோடி எக்சாஸ்ட்டில் இருக்கும், இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி வரும். எக்சாஸ்ட்டில் எரிய எதுவும் மிச்சமில்லாததால் அந்தப் பொறி வீணாகப் போகும், ஆபத்து இல்லை. 1948-ல் வந்த பிரான்ஸ் நாட்டு சிட்ரோயன் 2சிவி காரிலேயே, பாயிண்ட்டை வைத்துக்கொண்டே, ரோட்டரும் மூடியும் இல்லாமல் இதைச் செய்திருந்தார்கள்.

டீசல் வண்டிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பம்ப்னு சொல்றாங்களே?

அது வேறு. டீசல் கலவை அழுத்தத்தின் சூட்டில் தானே எரியும், பொறி தேவையில்லை. அந்தப் பம்ப் பங்கிடுவது டீசலை, மின்சாரத்தை அல்ல.

திருட்டுக்குப் பயந்து ராத்திரி ரோட்டரைக் கழட்டி எடுத்துட்டுப் போறது நல்ல பழக்கமா?

நல்ல பழக்கம்தான், பழைய பழக்கமும்கூட. 1940-ல் ஜெர்மன் படை வந்திறங்கும் என்ற அச்சத்தில், நிறுத்திய கார்களை எதிரி ஓட்ட முடியாதபடி செய்யச் சொன்னது பிரிட்டன் அரசு. அப்போது பலர் செய்தது இதுதான். மூடியைத் திரும்ப மாட்டும்போது, நடுவில் உள்ள கரித்துண்டு ஸ்பிரிங்கோடு விழாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காயில்ல ரெண்டு வயரையும் மாத்தி மாட்டினாலும் வண்டி ஓடுதே. அப்போ எப்படி மாட்டினா என்ன?

ஓடும், ஆனால் பலவீனமாக. எலெக்ட்ரான்கள் சூடான முனையிலிருந்து எளிதாகக் கிளம்பும். பிளக்கில் சூடாக இருப்பது நடு முனை, ஆகவே அது நெகட்டிவாக இருந்தால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி குதிக்கும். காயிலைத் தலைகீழாக மாட்டினால் கூடுதல் வோல்ட் தேவைப்படும். குளிர்ந்த காலையில், பேட்டரி சோர்ந்திருக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பிளக்கின் வளைந்த வெளி முனை கிண்ணம் போலக் குழிந்து தேய்ந்திருந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

நெகட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்த வகை) காயிலின் மைனஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். பாசிடிவ் எர்த் காலத்து லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ. (SW, சாவி சுவிட்ச்), சி.பி. (CB, பாயிண்ட்) என்று எழுதியிருக்கும். அதை நெகட்டிவ் எர்த் வண்டியில் போடுவதானால் எழுத்துக்கு நேர்மாறாக, சி.பி. முனையைச் சாவிப் பக்கமும் எஸ்.டபிள்யூ. முனையைப் பாயிண்ட் பக்கமும் மாட்ட வேண்டும். ஜோடிக் காயில் உள்ள வண்டிகளில் இரண்டு பிளக்கில் ஒன்று எப்போதும் தலைகீழாகத்தான் எரிகிறது. அந்தக் காயில்களுக்கு வோல்ட் தாராளமாக இருப்பதால் அங்கே அது தெரிவதில்லை. 12 வோல்ட்டில் பாயிண்ட்டோடு ஓடும் நம் காயிலுக்கு அவ்வளவு கையிருப்பு இல்லை.